தரகர் மூலம் வரன் பேசுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 22 ஆண்டுகளாகத் திருமணத் தகவல் நிலையம் நடத்தி வருகிறேன். பிள்ளைகளுக்கு வரன் தேடி வருகிற பெற்றோரும், தங்களுக்குத் தாங்களே தேடிக்கொள்கிற இளைஞர்களும், இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளில் ஒரு பாதி பொருத்தத்தையும் கட்டணத்தையும் பற்றியவை. மற்றப் பாதி, வெவ்வேறு சொற்களில் வந்தாலும், ஒரே கேள்விதான்: பணம் கொடுத்து ஒருவரை வைத்துத் தன்னைப் பற்றிப் பிறரிடம் பேசச் செய்யும்போது எதுவரை போகலாம்? இங்கே அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்து திருமணச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதால், திருமணச் சட்டம் என்று சொல்லும் இடங்களில் அதையே குறிப்பிடுகிறேன்.

தன்னைப் பற்றிப் பேசக் கூலிக்கு ஆள் வைப்பதே தவறில்லையா?

தவறில்லை. தன் பெருமையைத் தானே பேசக் கூசுவது நம்மவர்களின் இயல்பு. அதிலும் பெண்ணைப் பெற்றவர் ஒரு வீட்டுப் படியேறிச் சம்பந்தம் கேட்பதை இன்றும் பலர் தாழ்வாகவே நினைக்கிறார்கள். இடையில் ஒருவர் இருந்தால் கேட்பதும் எளிது, மறுப்பதும் எளிது. வேண்டாம் என்ற சொல்லைத் தரகர் கொண்டுவந்து சேர்க்கும்போது, இரண்டு குடும்பங்களும் அடுத்த விசேஷத்தில் எதிரெதிரே பந்தியில் உட்கார்ந்து சங்கடமில்லாமல் சாப்பிட முடிகிறது. தரகுப் பணத்தின் பெரும்பகுதி இந்த மரியாதைக்காகத்தான் கொடுக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

இடையாள் வைத்துப் பேசுவது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே வாயில்களாக, அதாவது தூது பேசுகிறவர்களாக, நிற்பவர்கள் என்று தொல்காப்பியம் பன்னிரண்டு வகையினரைச் சொல்கிறது; தோழி, பாங்கன், பாணன், விறலியர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். மருதத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு அந்தப் பாணனை நன்றாகத் தெரியும். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்காக அவன் வாசலில் வந்து நின்று நல்ல வார்த்தை சொல்வான். தலைவியோ தோழியோ அவன் பேச்சை ஏற்காமல், தலைவனை உள்ளே விட மறுப்பாள். தலைவன் கொடுப்பதைப் பெற்று வாழ்கிறவன் பாணன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவன் சொல்லை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அவளால் தீர்மானிக்க முடிகிறது. யாருடைய சோற்றை உண்டுவிட்டு ஒருவர் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கும்வரை, கூலிக்குப் பேசுவதில் இழுக்கு இல்லை.

அப்படியானால், பணம் வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன் என்பதை எதிர்வீட்டாரிடம் சொல்லியாக வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும். அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். மஞ்சள் பையில் ஜாதகக் கட்டுடன் வருகிற தரகரைப் பார்த்த உடனேயே தொழில் இன்னதென்று தெரிந்துவிடும் என்பதால் அங்கே சிக்கல் குறைவு. தரகர் என்ற பெயரே இல்லாமல் தரகு பார்க்கிறவர்களிடம்தான் சிக்கல் வருகிறது. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் படித்தவர்கள் ஊர் முழுவதும் உண்டு. "எனக்குத் தெரிந்த பையன், தங்கமான பையன்" என்று அவர் ஒரு வீட்டில் சொன்னார். பெண்ணின் தந்தை அதற்குமேல் எங்கும் விசாரிக்கவில்லை. வாத்தியாரே சொல்லிவிட்டாரே என்று இருந்துவிட்டார். கல்யாணம் முடிந்து ஓராண்டு கழித்துத்தான், மாப்பிள்ளை வீட்டில் அவர் ஒரு தொகை வாங்கியிருந்தது தெரிய வந்தது. அவர் சொன்னவற்றில் ஒன்றும் பொய்யில்லை. அந்தப் பிள்ளையும் நன்றாகவே இருக்கிறார். ஆயினும் அந்தத் தந்தை இன்றுவரை அவருடன் பேசுவதில்லை. அவர் கேட்டது ஒரு பெரியவரின் சாட்சி, அவருக்குக் கிடைத்தது விலைக்கு வாங்கிய பரிந்துரை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு பக்கமும் தரகு வாங்குவது எங்கள் தொழிலில் வழக்கம். அதில் தவறில்லை, இரு வீட்டாருக்கும் அது தெரிந்திருக்கும்வரை. ஒருவரிடம் மட்டும் வாங்குவதாகச் சொல்லிவிட்டு மற்றவரிடமும் இரகசியமாக வாங்குகிறவர், இருவருடைய நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறார்.

நல்லவற்றை மட்டும் எடுத்துச் சொல்வது பொய்யாகுமா?

எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆளே வைக்கிறோம். மகன் காலையில் எட்டு மணிவரை தூங்குவான் என்றோ, மகளுக்குக் கோபம் சட்டென்று வரும் என்றோ ஜாதகத்தின் கீழே எழுதி அனுப்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எது நயம், எது மறைப்பு என்பதைப் பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரு பயோடேட்டாவை மேசைமேல் வைத்து வரி வரியாகப் படித்தால்தான் விளங்கும்.

"சொந்த வீடு" என்று ஒரு வரி. வீடு தாத்தா பெயரில் இருக்கிறது, பாகப் பிரிவினை ஆகவில்லை, சித்தப்பா இருவருக்கும் அதில் பங்கு உண்டு. படிக்கிறவர் மனத்தில் எழும் படத்தில் சித்தப்பாக்கள் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே அந்த வரியை எழுதினால், ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் அந்த வரி பொய்தான். "பூர்வீக வீடு, பாகம் பிரிக்கவில்லை" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? சில இடங்கள் விலகிப் போகும். விலக வேண்டியவர்கள் முன்னரே விலகுவதை நான் நட்டமாக நினைப்பதில்லை.

"மாத வருமானம் 80,000" என்று அடுத்த வரி. அது கம்பெனி காகிதத்தில் காட்டும் தொகையா, பிடித்தம் போகக் கையில் வாங்குவதா? எங்கள் நிலையத்தில் "கையில் வருவது" என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். "மென்பொருள் துறை" என்று எழுதிவிட்டு அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவரும் உண்டு. கணக்குப் பிரிவு என்று எழுதுவதில் என்ன வெட்கம் என்று கேட்டால் பதில் வராது. "தீய பழக்கம் எதுவும் இல்லை" என்ற வரியின் எதிரே உட்கார்ந்து, "குடிப்பது உண்டா?" என்று நேராகக் கேட்பேன். "எப்போதாவது நண்பர்களோடு" என்ற பதில் வந்தால், அந்த வரியை அடித்துவிட்டு அதையே எழுதச் சொல்வேன். வயது விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிச் சான்றிதழைப் பார்க்காமல் நான் ஒருவர் வயதையும் எழுதுவதில்லை.

எனக்கு நானே வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இந்தச் செய்தி முன்னரே தெரிந்திருந்தால் எதிர்வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றினால், அதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. அவர்களுடைய மறுப்பை அவர்களுக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொள்வதாக அது ஆகிவிடும். மற்றவற்றில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பது தொழில் திறமை.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு" என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே?

இந்தப் பழமொழியைக் கேட்காமல் என் வேலையில் ஒரு வாரம் கழிவதில்லை. "ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி" என்பதுதான் இப்படித் திரிந்தது என்று விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விளக்கம் சரியா, தவறா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. பழமொழி என்ன சொன்னாலும் வாழப்போவது அந்த இருவர்தான். மேலும், இதே மண்ணில்தான் "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று தொல்காப்பியம் எழுதி வைத்திருக்கிறது. ஆணும் பெண்ணும் தாமாகக் கூடியதில் பொய் நுழைந்ததால்தான் திருமணச் சடங்கே ஏற்படுத்தப்பட்டது என்பது அதன் பொருள். பொய்யைத் தடுக்க வந்த சடங்குக்குப் பொய்யையே படியாகப் போடுவது எப்படிப் பொருந்தும்?

ஆனால் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுக்கும்போது "ஜாதகம் சேரவில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதுவும் பெரும்பாலும் உண்மையில்லை. பெண் நிறம் குறைவு என்றோ, மாப்பிள்ளையின் தந்தை பேசிய விதம் பிடிக்கவில்லை என்றோ அதற்குப் பின்னால் இருக்கும். நீண்ட காலம் அந்தச் சொல்லை நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது "அவர்களுக்கு அமையவில்லை" என்று மட்டும் சொல்கிறேன். காரணம் சொல்லும் கடமை மறுப்பவருக்கு இல்லை. பொய்க் காரணம் சொல்லும் தேவையும் இல்லை.

புகைப்படத்தைத் திருத்திக் கொடுக்கலாமா?

வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், நல்ல உடை உடுத்திக்கொள்ளலாம். நிறத்தை மாற்றுவது, தழும்பை அழிப்பது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தைக் கொடுப்பது ஆகியவை வேண்டாம். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது, காப்பித் தட்டுடன் அந்த அறையில் நிற்கிற பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். படத்தைத் திருத்தியவர் ஸ்டுடியோக்காரர், திருத்தச் சொன்னவர் அவளுடைய அத்தை. தலைகுனிந்தவள் அவள்.

ஜாதகத்தில் சிறிது மாற்றம் செய்து எழுதிக் கொடுக்கிறார்களே, ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர் அதைச் செய்தால் என்ன?

இது நான் மிகவும் வருத்தத்துடன் எழுதும் பதில். மாற்றி எழுதுவது எவ்வளவு எளிது என்பதை முதலில் சொல்ல வேண்டும். லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று கணக்கு. லக்னம் மாறும் நேரத்தையொட்டிப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி எழுதினாலே, ஏழாம் இடத்துச் செவ்வாய் ஆறாம் இடத்துக்குப் போய்விடும், தோஷமும் மறைந்துவிடும். நட்சத்திரத்தை மாற்றுவது இதைவிடக் கடினம், ஏனென்றால் சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆனாலும் மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்ற பேச்சுக்குப் பயந்து நாளையே மாற்றி எழுதியவர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. மருத்துவமனை கொடுத்த பழைய சீட்டை எடுத்துவைத்துப் பார்த்தால்தான் நேரம் தெரியும். அந்தச் சீட்டை எத்தனை வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

எனக்கே செவ்வாய் தோஷத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. மூல நட்சத்திரத்துப் பெண்களை அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளிவைப்பது கொடுமை என்று பெற்றோர்களிடம் வாதாடியிருக்கிறேன். ஆயினும் திருத்திய ஜாதகத்தை வாங்கி வைக்க மாட்டேன். எதிர்வீட்டாரின் நம்பிக்கை சரியா, தவறா என்று அவர்களுடன் வாதிட எனக்கு உரிமை உண்டு. அந்த நம்பிக்கையை ஏமாற்றி வேலையை முடித்துக்கொள்ள உரிமை இல்லை. மேலும் அதன் விலையைக் கொடுக்கிறவள் அந்தப் பெண்தான். பிறகு வீட்டில் ஒரு சாவோ நட்டமோ வந்து, உண்மை ஜாதகமும் வெளிப்பட்டால், அந்தப் பழி முழுவதும் அவள் தலையில் விழும். பொருத்தம் பார்க்காத குடும்பங்கள் இன்று எவ்வளவோ இருக்கின்றன. ஜாதகம் பார்ப்பதில்லை என்று பதிந்திருக்கிற குடும்பங்களுக்கு எங்கள் நிலையத்தில் தனிக் கோப்பே வைத்திருக்கிறோம். அங்கே தேடுவது கூடுதல் அலைச்சல்தான். அந்த அலைச்சலுக்குத்தான் எனக்குக் கூலி.

முதல் திருமணம், நோய், கடன் போன்றவற்றை யார், எப்போது சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும் முதல் நாளே எல்லாரிடமும் கொட்ட வேண்டியதில்லை. ஜாதகம் கைமாறும் கட்டத்தில் அந்தத் தாளை இருபது வீடுகள் பார்க்கும். ஒருவரின் நோயையும் மனக்காயத்தையும் இருபது வீட்டில் பரப்புவது தவறு. அதே வேளையில், நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்த்த பிறகு சொல்வது சொன்னதாகவே ஆகாது. ஊருக்குச் சொல்லிவிட்ட பிறகு மறுக்கும் துணிவு எத்தனை குடும்பங்களுக்கு வரும்? இரண்டு வீட்டாரும் நேரில் பார்த்து, மேற்கொண்டு பேசலாம் என்று சொன்ன உடனே, தட்டு மாற்றும் பேச்சு எழுவதற்கு முன்பே, சொல்ல வேண்டும். முன்னரே மணமாகி விவாகரத்து ஆனவர் என்பது மட்டும் விதிவிலக்கு. அது பயோடேட்டாவிலேயே இருந்தாக வேண்டும்.

யார் சொல்வது என்பதற்கு என் பதில், சம்பந்தப்பட்டவரே சொல்ல வேண்டும் என்பதுதான். நோய் அவருடையது, அவருடைய சம்மதம் இல்லாமல் தரகர் அதைப் பேசக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னால், தரகர் காரணம் எதுவும் சொல்லாமல் அந்தச் சம்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டில், ஒரு மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று அவருடைய தாய் என்னிடம் சொன்னார். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மூன்று ஆண்டுகளாக வரவில்லை, இதைப் போய் எதற்குச் சொல்வது என்றார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். திருமணத்துக்கு வலிப்பு தடை என்று ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டமே தடையில்லை என்கிறபோது நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்யாணமான ஏழாம் மாதம் அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இரவில் அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. இன்னதென்று தெரியாமல் அவள் வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஒருவர் சொல்ல, கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறாள். வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. "அண்ணே, எனக்குத் தெரிந்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பேனே" என்று கேட்டாள். அவர்கள் இன்றும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை, இன்றும் இல்லை. நோயை மறைத்தபோது, மறுக்கும் உரிமையை மட்டும் அவளிடமிருந்து எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கணவனைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்து எடுத்திருந்தேன்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது. எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மை ஒன்றை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். ஏமாற்று தெரிய வந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், தெரிந்த பிறகு மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. முறிக்கப்படாத முதல் திருமணத்தை மறைத்து இன்னொருவரை மணப்பது, நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள்வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம்.

எத்தனை பவுன் போடுவார்கள் என்று கேட்டுச் சொல்வதும் தரகரின் வேலைதானே?

இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் மட்டும் தண்டிப்பதில்லை, அதற்கு உடந்தையாக இருப்பவரையும் தண்டிக்கிறது. குறைந்தது 5 ஆண்டுகள் சிறை. சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேட்டதுதான். "அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்" என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணின் தந்தையும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார். அந்த வாக்கியத்தை எடுத்துச் செல்ல என்னிடம் வராதீர்கள்.

தரகு எப்படி வாங்குவது நியாயம்? கல்யாணம் முடிந்தால் மட்டும் வாங்குவதுதானே நேர்மை?

பார்வைக்கு அப்படித் தோன்றும். வேலை முடியாமல் கூலி வாங்காதவர் நேர்மையானவர் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கல்யாணம் முடிந்தால்தான் பணம் என்ற நிலையில், ஒரு குறையை வெளியே சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் தரகரின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பதிலில் வந்து கலந்துவிடும். அந்த வலிப்பு விஷயத்தில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு, தாயின் கண்ணீர் ஒரு காரணம் என்றால், வரவேண்டிய தரகு இன்னொரு காரணம். நகையின் மதிப்பிலோ கல்யாணச் செலவிலோ சதவீதம் கேட்கிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், ஏனென்றால் சீர் கூடக் கூடத் தரகும் கூடும்.

நாங்கள் இப்போது பதிவுக்கும் ஓராண்டுச் சேவைக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்குகிறோம். வரன் அமைந்தாலும் அமையாவிட்டாலும் அதுதான், இரண்டு வீட்டாருக்கும் ஒரே அளவுதான். மனமுவந்து வேட்டி சேலை வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் மாதம் எத்தனை ஜாதகம் காட்டினோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கிறோம்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருமணத்தை முடித்துக் கொடுப்பதற்கு இவ்வளவு என்று செய்துகொள்ளும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பொதுநலனுக்கு மாறானது என்று நீதிமன்றங்கள் கருதி வந்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. பேசிய தரகைத் தராமல் ஏமாற்றியவர்மேல் வழக்குப் போட்டு வாங்க முடியாது. வருத்தமாக இருந்தாலும், இந்தச் சட்டத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. தகவல் திரட்டிக் கொடுப்பதற்குக் கூலி கேட்கலாம். ஒருவர் வாழ்க்கையை இன்னொருவருடன் இணைத்துவிட்டேன் என்று விலை சொல்லக் கூடாது.

பணம் கொடுப்பது பெற்றோர், பேசப்படுவது பிள்ளை. தரகர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

பிள்ளைக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெண்ணுக்குத் தெரியாமல் அவளுடைய படமும் ஜாதகமும் முப்பது பேரின் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இன்று சாதாரணமாகிவிட்டது. மேலே படிக்க வேண்டும் என்று நினைக்கிற பெண்ணை "வீட்டோடு இருக்க விருப்பம்" என்று எழுதிக் கொடுத்த தந்தையை எனக்குத் தெரியும். அவர் தன் மகளைப் பற்றிப் பேசவில்லை, தனக்கு வேண்டிய மகளைப் பற்றிப் பேசினார். எங்களிடம் பதிகிற ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தத் தாளைத் தாமே படித்துக் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது ஒருமுறை தொலைபேசியில் அவர்களுடன் பேசுவோம். "இப்போது திருமணம் வேண்டாம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பெற்றோர் சிலர் கோபப்படுவார்கள். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் இன்னொரு தரகரிடம் போவார்கள். அதைத் தடுக்க என்னால் முடியாது.

திருமண இணையதளத்தில் எனக்காக வேறொருவர் எழுதிக் கொடுக்கலாமா? எனக்குப் பதிலாகப் பேசலாமா?

எழுதிக் கொடுக்கலாம். நன்றாக எழுத வராதது குற்றமில்லை. அக்காவோ நண்பரோ தொழில்முறை எழுத்தாளரோ எழுதலாம், எழுதியதில் உள்ளவை உங்களுடையனவாக இருந்தால் போதும். புத்தகம் படிக்காதவருக்கு "வாசிப்பில் ஆர்வம்" என்று எழுதி வைத்தால், முதல் சந்திப்பிலேயே அது வெளிப்பட்டு இருவருக்கும் சங்கடமாகும்.

பதிலாகப் பேசுவது வேறு விஷயம். பெற்றோர் நடத்தும் கணக்கு என்று பக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தால் பெற்றோர் பேசலாம். மாப்பிள்ளை தானே பேசுவதுபோல இன்னொருவர் குறுஞ்செய்தி அனுப்புவது ஆள்மாறாட்டம். அந்தப் பெண் மனம்விட்டுச் சொல்வதை அவள் அறியாத ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். 2016இல் மத்திய அரசு திருமண இணையதளங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, பதிகிறவரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும் என்றும், திருமண நோக்கத்துடன்தான் பதிகிறார் என்று அவரிடம் உறுதி பெற வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தில் பேசுவது அந்த ஆள்தானா என்பதை எந்தச் சான்றும் காட்டிக் கொடுக்காது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எதிர்வீட்டாரைப் பற்றி விசாரிக்கத் தனியாக ஆள் வைப்பது அவர்களை அவமதிப்பதாகாதா?

ஆகாது. அவர்களுக்காகப் பேச ஆள் இருக்கும்போது, உங்களுக்காகக் கேட்க ஒருவர் இருப்பது நியாயமே. தெருக்கடையிலும் வேலை செய்யும் இடத்திலும் விசாரிப்பது காலங்காலமாக நடப்பதுதான். பின்தொடர்ந்து படம் எடுப்பதும், தொலைபேசியில் நுழைந்து பார்ப்பதும், பழைய காதலைத் தோண்டி எடுத்து அதைக் காட்டிச் சீரைக் குறைப்பதும் கூட்டுவதும் விசாரணை ஆகா.

தரகர் சொன்னது பொய் என்று நிச்சயத்துக்குப் பிறகு தெரிகிறது. என்ன செய்வது?

முதலில், பொய் எங்கே பிறந்தது என்று கண்டுபிடியுங்கள். வீட்டார் சொன்ன பொய்யைத் தரகர் அறியாமல் கொண்டுவந்திருக்கலாம். வீட்டாருக்கே தெரியாமல் தரகர் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். இரண்டாவது வகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு அரசு வேலை என்று சொன்னது தரகர்தான், அந்தப் பையனோ ஒப்பந்தப் பணியாளர் என்று முதல் நாளிலிருந்தே சொல்லி வந்திருந்தார். அந்தக் குடும்பத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் இது தெரிந்தது. பிறகு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். ஆகவே தரகரை இடையில் வைக்காமல், பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் உட்கார்ந்து, பயோடேட்டாவை நடுவில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொள்ளட்டும். பெரியவர்கள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

பத்திரிகை அடித்துவிட்டோமே, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று தயங்குகிறவர்களிடம், அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு தந்தை என் மேசையில் உட்கார்ந்து அப்படி எழுதினார்: மண்டபம், பத்திரிகை, சமையற்காரருக்குக் கொடுத்த முன்பணம், நிச்சயப் புடவை. கூட்டுத்தொகையை எழுதிவிட்டு அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேட்டார்.